சொந்தப் பல்லே மாற்றுப் பல்: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

பிளேஸ்டோ, ஈஸ்ட்ஹாம் பகுதிகளில் வாழும் எமது குடும்பங்களில் 11 வயதுப் பிள்ளை ஒன்று விழுந்து முன்பல்லை இழந்தால், பெற்றோர் முதலில் நினைப்பது டைட்டானியம் இம்பிளான்ட் பற்றித்தான். ஆனால் வளரும் பிள்ளைக்கு அதைப் பொதுவாக வைப்பதில்லை. தாடை வளரும். எலும்போடு இறுகிய திருகு அதனுடன் சேர்ந்து நகராது. சில ஆண்டுகளில் அந்தப் பல் மட்டும் மற்றவற்றை விடக் குட்டையாகத் தெரியும்.

இதற்கு இன்னொரு வழி உண்டு. பிள்ளையின் வாயிலிருக்கும் வேறொரு பல்லையே எடுத்து, இழந்த இடத்தில் நடலாம்.

பல் நடுவது இந்த நகருக்குப் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் ஹன்டர், மனிதப் பல் ஒன்றைச் சேவலின் கொண்டையில் நட்டுப் பார்த்தார். 1771 இல் பற்களைப் பற்றிய நூலையும் வெளியிட்டார். அக்காலத்தில் ஏழைகளின் பற்கள் காசுக்குப் பிடுங்கப்பட்டு, செல்வந்தரின் வாயில் பொருத்தப்பட்டன. பிறருடைய பல்லை உடல் ஏற்பதில்லை. நோய் தொற்றும் அச்சமும் எழுந்தது. அந்த வழக்கம் மறைந்தது. சொந்தப் பல்லில் அந்தச் சிக்கல் இல்லை.

எமது உறவுகள் பலர் வாழும் நோர்வேயில் இச்சிகிச்சை நன்கு வளர்ந்தது. ஒஸ்லோவில் நடப்பட்ட 33 பற்களை 17 முதல் 41 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2002 இல் வெளியானது. அவற்றில் 90 வீதமானவை வாயில் நிலைத்திருந்தன.

வெற்றியின் இரகசியம் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் இருக்கிறது. அது உயிரோடு இருந்தால் பல் எலும்புடன் இயல்பாகப் பிணையும். அது சிதைந்தால் வேர் கரையலாம், அல்லது பல் எலும்புடன் ஒட்டிப்போகலாம். ஆகவே பல் வெளியே இருக்கும் நேரத்தை மிகவும் குறைக்க வேண்டும். இப்போது ஸ்கான் எடுத்து, பல்லின் முப்பரிமாண மாதிரியை அச்சிட்டு, குழியை அதற்கேற்ப முன்கூட்டியே தயார் செய்கிறார்கள். பின்னர் பல்லை நட்டு, அது அசையாதபடி சிறிது காலம் அருகிலுள்ள பற்களுடன் இணைத்து வைப்பார்கள்.

முன்பல் இழந்த பிள்ளைக்கு அதிகம் பயன்படுவது முன்கடைவாய்ப்பல். வேர் மூன்றில் இரண்டு முதல் நான்கில் மூன்று பங்கு வளர்ந்திருக்கும் வேளை சிறந்தது. பெரும்பாலும் அது 10 முதல் 13 வயதுக்குள் வரும். அப்போது பல்லுக்குள் இரத்த ஓட்டம் திரும்பவும், வேர் தொடர்ந்து வளரவும் கூடும். பிறகு பல்நிறப் பூச்சால் அதை முன்பல்லின் வடிவுக்கு மாற்றுவார்கள். வளர்ந்தவர்களுக்கு, பழுதான கடைவாய்ப்பல்லின் இடத்தில் ஞானப்பல்லை நடலாம். வேர் முழுதாக வளர்ந்த பல்லுக்கு வேர்ச்சிகிச்சையும் தேவைப்படும்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. பற்களை வரிசைப்படுத்தக் கம்பி போடுமுன், இடம் போதாவிட்டால் நல்ல முன்கடைவாய்ப்பற்களைப் பிடுங்குவார்கள். அவை குப்பைக்குப் போகும். அதே பிள்ளைக்கு முன்பல் இல்லையென்றாலோ, காப்பாற்ற முடியாத நிலையில் இருந்தாலோ, பிடுங்குமுன்பே கேளுங்கள்: "இந்தப் பல்லை அந்த இடத்தில் நட முடியுமா?" பிடுங்கிய பின் கேட்டுப் பயனில்லை.

எல்லோருக்கும் இது பொருந்தாது. குழியில் போதிய எலும்பு, ஆரோக்கியமான முரசு, பல ஆண்டுகள் தொடரும் பரிசோதனை ஆகியவை வேண்டும். லண்டனில் கிங்ஸ் கொலிஜ் வைத்தியசாலை போன்ற இடங்களில் இச்சிகிச்சை நடைபெறுகிறது. உங்கள் பல் வைத்தியரின் பரிந்துரை தேவை. 18 வயதுக்குட்பட்டோருக்கு என்.எச்.எஸ் பற்சிகிச்சை இலவசம். ஆங்கிலம் சிரமமென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்கும் கட்டணமில்லை. பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.

நிரந்தரப் பல் விழுந்தால் வேரைத் தொடாமல் பல்லின் மேற்பகுதியைப் பிடியுங்கள். அழுக்கிருந்தால் சில விநாடிகள் கழுவி, உடனே குழியிலேயே வையுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு அவசரமாக வைத்தியரிடம் செல்லுங்கள். பாற்பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது.