கொங்கு நாட்டு இறக்கைகள்

நீலகிரித் தொடரும் ஆனைமலைத் தொடரும் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கின்ற இடத்தில், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் வழியாக, வைகாசி தொடங்கி ஆவணி வரையில் ஓயாமல் வீசுகிற காற்றுதான், பல்லடத்திலும் உடுமலைப்பேட்டையிலும் தோட்டந்தோறும் நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அவற்றின் நீண்ட கைகளை நம் குடியானவர்கள் ‘றெக்கை’ என்றே வழங்குகிறார்கள். வீட்டில் சுற்றுகிற மின்விசிறிக்கும் அதே சொல்தான். காற்றாலையைப் பொறுத்த மட்டில் இது உவமை அன்று, சாஸ்திர சம்மதமான உண்மை. காற்று முட்டித் தள்ளுவதனால் அந்தக் கை சுழல்வதாக நாம் நினைக்கிறோம்; ஆனால், பருந்தின் சிறகைப் போலவே ஒரு புறம் மேடிட்டு வளைந்திருப்பதனால், அந்தப் புறத்தில் காற்று விரைந்தோடி அழுத்தம் குறைய, குறைந்த பக்கம் நோக்கி இழுக்கப்பட்டே அது சுற்றுகிறது. பருந்தை ஆகாயத்தில் ஏந்துகிற சக்தியும் இதுவேதான்.

எல்லா இறக்கைக்கும் நீண்ட ஆயுள் விதிக்கப்படவில்லை. மழை பெய்து ஓய்ந்த மாலையில் புற்றிலிருந்து புறப்படும் ஈசலுக்கு ஒரே அளவான நான்கு இறக்கைகள் உண்டு. துணையைத் தேடித் தரையில் இறங்கியதும், அடியில் இயற்கையே அமைத்து வைத்த மெல்லிய கோட்டோடு அவற்றைத் தானாகவே முறித்து உதிர்த்துவிட்டு, அந்த ஜோடி மண்ணுக்குள் புகுந்து புதுக் குடித்தனம் தொடங்குகிறது. மறுநாள் காலையில் நம் வீட்டுத் திண்ணையில் பெருக்கித் தள்ளுகிற குப்பை அந்த உதிர்ந்த இறக்கைகள்தான்.

ஆனால் என் மனத்தை முழுவதும் கவர்ந்தவை, கோயமுத்தூரின் தலைக்குமேல் ஆண்டுக்கு இருமுறை யாத்திரை செய்கிற வண்ணத்துப்பூச்சிகளே. நீலவரியன், கருநீலவரியன், வெண்புள்ளிக் கருப்பன் முதலிய இனங்கள், தென்மேற்குப் பருவமழையின் பெருக்குக்கு அஞ்சி, சித்திரை வைகாசியில் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டுக் கிழக்கே சமவெளிக்கும் சேர்வராயன், கொல்லிமலைப் பக்கங்களுக்கும் சென்று, பின்னர் புரட்டாசி ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் கடந்து மேற்கே திரும்பி வருகின்றன. அவற்றின் இறக்கையைத் தொட்டால் விரலில் பொடியாக ஒட்டுகிறதே, அது தூசி அன்று. ஓட்டு வீட்டுக் கூரையைப் போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நுண்ணிய செதில்கள். வண்ணமும் அவற்றில் இருக்கிறது, மழைத்துளி ஒட்டாமல் உருண்டோடுகிற சூட்சுமமும் அவற்றில் இருக்கிறது. ஆகையால் விளையாட்டாகப் பிடித்து விடுகிற குழந்தை கூட, அந்தப் பிராணியின் கூரையைப் பிரித்துத்தான் விடுகிறது.

நீலவரியனின் ஆணுக்குப் பின்னிறக்கையில் ஒரு சிறு பையும் உண்டு. பெண்ணை வசீகரிக்கும் வாசனைத் திரவியம் உருவாவதில் அதற்கும் பங்கு இருக்கிறது. அந்த வாசனைக்கு மூலப்பொருளோ பூந்தேனில் போதிய அளவு கிடைப்பதில்லை. கிலுகிலுப்பைச் செடியின் இலையையும், காய்ந்த தேள்கொடுக்குச் செடியையும் அது சுரண்டிச் சுரண்டி உறிஞ்சுகிறது. பறவைகளுக்குக் கசக்கும் நஞ்சும் அதிலிருந்தே அதன் உடலில் சேருகிறது.

தமிழக அரசு 2019-இல் ‘தமிழ் மறவன்’ என்ற மலைவாழ் இனத்தை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்துக் கௌரவித்தது. நம் தோட்டத்து வழியே போகிற இந்த யாத்திரிகர்களுக்கு நாம் செய்யக்கூடிய உபசாரம் அதைவிட எளியது: வேலியோரத்தில் கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் முளைத்தால், களையென்று எல்லாவற்றையும் பிடுங்கிவிடாமல், ஓரிரண்டு செடிகளையாவது ஐப்பசி கழியும்வரை விட்டு வையுங்கள்.