கட்டணம் கட்டினால்தான் கல்வியா?

மாணவியர் சேர்க்கை தொடங்கும் நாள்களில் பள்ளி அலுவலக வாசலில் சற்று நேரம் நின்றால் ஒரே வினாவைப் பலர் வாயிலாகக் கேட்கலாம். “சிஸ்டர், இங்கிலீஷ் மீடியத்தில் இடம் இருக்கா?” தமிழ்வழிப் பிரிவில்தான் இடம் உள்ளது, அங்கே கட்டணம் கிடையாது என்று சொன்னால் பெற்றோர் முகம் வாடிவிடுகின்றது. விலையில்லாத பொருள் தரமில்லாததாகத்தான் இருக்கும் என்பது கடைத்தெருவில் நாம் கற்ற பாடம். அப்பாடம் பள்ளிக்கும் பொருந்துமா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நம் மாநிலத்தில் அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்று இரண்டே வகை இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். இவ்விரண்டிற்கும் நடுவே அரசு உதவிபெறும் பள்ளி என்று ஒன்று உண்டு. கட்டடமும் நிர்வாகமும் துறவற சபையைச் சேர்ந்தவை. ஆசிரியர் ஊதியம் அரசு தருவது. 1854-ஆம் ஆண்டில் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையே இந்த மானிய முறைக்கு வித்திட்டது. 1990களின் தொடக்கத்திற்குப் பின் புதிதாகத் தொடங்கிய பள்ளிகளுக்கு மானியம் அநேகமாகக் கிடைப்பதில்லை. ஆதலால் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிகள் பலவற்றில் ஒரே வாசலுக்குள் இரண்டு பிரிவுகள் நடைபெறுகின்றன. ஒரு பக்கம் மானியம் பெறும் தமிழ்வழிப் பிரிவு. மறு பக்கம் கட்டணம் பெறும் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவு. காலைச் செபம் ஒன்று; மணியோசை ஒன்று; விளையாட்டு மைதானமும் ஒன்று.

பாடநூலும் ஒன்றுதான் என்பதைப் பெற்றோர் பலர் அறியார். முன்பு மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு பாடத்திட்டங்கள் இருந்தன. 2010-ஆம் ஆண்டுச் சட்டமும் 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அவற்றை ஒன்றாக்கிச் சமச்சீர்க் கல்வியைக் கொண்டு வந்தன. பெயர்ப் பலகையில் மெட்ரிகுலேஷன் என்று இருந்தாலும் பத்தாம் வகுப்பில் எழுதுவது அதே அரசுத் தேர்வுதான். மத்திய பாடத்திட்டப் பள்ளிகள் மட்டும் இதற்கு விலக்கு.

அவ்வாறாயின் கட்டணம் எதை வாங்கித் தருகின்றது? நல்ல ஆசிரியரை என்று உடனே சொல்லிவிட முடியாது. நான் ஆசிரியப் பணியின் முதற் பத்து ஆண்டுகளைச் சுயநிதிப் பிரிவில் கழித்தவள்; பிறகே மானியப் பணியிடம் கிடைத்தது. அக்காலத்தில் நான் பெற்ற ஊதியத்தைச் சொன்னால் கட்டணம் கட்டிய பெற்றோர் நம்பமாட்டார்கள். மானியம் கிடைத்த மறுநாள் என் ஊதியம் பல மடங்கு உயர்ந்தது. என் கற்பித்தல் ஒரே இரவில் உயர்ந்ததாக எனக்கு நினைவில்லை!

இதனை அளந்து பார்த்தவர்களும் உண்டு. கட்டணம் கட்டும் பெற்றோர் பெரும்பாலும் படித்தவர்கள். வீட்டில் பாடம் சொல்லித் தரக்கூடியவர்கள். அவர்களுடைய பிள்ளை கூடுதல் மதிப்பெண் பெற்றால் பெருமை பள்ளிக்கா, வீட்டிற்கா? இச்சிக்கலைத் தீர்க்க ஆந்திரத்தில் 180 கிராமங்களில் 2008 முதல் 2012 வரை ஓர் ஆய்வு நடந்தது. விரும்பிய குடும்பங்களிடையே சீட்டுக் குலுக்கி, வென்ற பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் கட்டணமின்றிச் சேர்த்தார்கள். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்னும் பொருளியலறிஞர் இருவர் அதன் முடிவை 2015-இல் வெளியிட்டனர். நான்காண்டு கழித்தும் தெலுங்கிலும் கணக்கிலும் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் கற்பிக்கப்படாத இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் தெளிவாக முந்தியிருந்தனர். ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: தனியார் பள்ளிகள் தெலுங்கிற்கும் கணக்கிற்கும் குறைந்த நேரமே ஒதுக்கியும், ஒரு பிள்ளைக்கு அரசு செலவிட்டதில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவாகச் செலவிட்டும் அதே நிலையை எட்டியிருந்தன. அவர்களுடைய சிக்கனத்திலிருந்து அரசு கற்க வேண்டியதும் உண்டு.

எனவே, கட்டணம் ஆங்கிலத்தை வாங்கித் தருகின்றது. கண்டிப்பையும் கண்காணிப்பையும் வாங்கித் தருகின்றது. டைரியில் எழுதி அனுப்பும் பழக்கத்தை வாங்கித் தருகின்றது. தன்னைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளின் தோழமையையும் வாங்கித் தருகின்றது. சில பெற்றோர் வேண்டுவது அது ஒன்றுதானோ என்று எனக்கு ஐயம் உண்டு. ஆங்கிலத்தின் தேவையை நான் மறுக்கவில்லை. வேலைக்கு நேர்முகத் தேர்வு எழுதப் போன நம் பழைய மாணவியர் அதன் அருமையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. மேலும், இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்புகளை நடத்தும் தொடக்கப் பள்ளிதான் அருகில் உள்ளதெனில், கடன் வாங்கியேனும் வேறிடம் தேடும் பெற்றோரை நான் குறை கூறேன்.

நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அந்தக் கட்டணம் வீட்டில் யாருடைய பங்கிலிருந்து எடுக்கப்படுகின்றது? ஒரு பிள்ளைக்கு மட்டுமே பணம் உண்டு என்னும் வீட்டில் பெரும்பாலும் மகன் வேனில் ஏறுகின்றான்; மகள் நடந்து வருகின்றாள். நாட்டின் பல பகுதிகளிலும் ஆய்வாளர் கண்ட உண்மை இது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தம் மகளை ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலவழியிலிருந்து எங்கள் தமிழ்வழிப் பிரிவுக்கு மாற்றக் கேட்டு வந்தார். “இவ அண்ணன் பத்தாவது டீச்சர். அவனுக்குக் கட்டணும். ரெண்டு பேருக்கும் முடியல,” என்றார். பாடநூல் ஒன்றுதானே, ஒன்றும் கெடாது என்று நானும் தேற்றினேன். அது முழு உண்மையன்று. போட்டோசிந்தசிஸ் என்று படித்தவளுக்கு ஒளிச்சேர்க்கை புதுச்சொல்லாயிருந்தது. இடைவேளையில் பழைய தோழியர் இருந்த பக்கமே அவள் போகவில்லை. காலாண்டுத் தேர்வில் கணக்கில் தவறினாள், அரையாண்டில் தேறினாள். பத்தாம் வகுப்பில் அவளே வகுப்புத் தலைவி.

அவள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தபோதுதான் மற்றொரு கணக்கு தெரிந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை 2020-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. நம்மைப் போன்ற உதவிபெறும் பள்ளிகளுக்கு அது இல்லை. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. அது 2024-25-இல் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கும் விரிவாக்கப்பட்டது. அதற்கும் ஆறாம் வகுப்பு முதலே தமிழ்வழியில் பயின்றிருத்தல் வேண்டும்.

சான்றிதழ் கேட்டு வந்த அத்தாயிடம் இதைச் சொல்ல வேண்டியவள் நானாயிற்று. அவர் விரல் விட்டு எண்ணினார். ஆறு, ஏழு, எட்டு. “அந்த மூணு வருசத்துக்கு நாங்க பணம் கட்டினோமே டீச்சர்,” என்றார். மகள் பக்கத்தில் நின்று கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக் கொண்டிருந்தாள்.