கார் துடைத்தால் கராத்தே வருமா?

‘தி கராத்தே கிட்’ 1984இல் வெளிவந்த அமெரிக்கப் படம். நியூ ஜெர்சியிலிருந்து தாயோடு லாஸ் ஏஞ்சலிசுக்குக் குடிபெயரும் டேனியல் என்ற மாணவன், கராத்தே பயின்ற சில மாணவர்களிடம் தொடர்ந்து அடிவாங்குகிறான். அவன் குடியிருக்கும் அடுக்ககத்தில் பழுதுபார்க்கும் வேலை செய்பவர் மியாகி. ஒக்கினாவாவில் பிறந்த முதியவர். அவர் டேனியலுக்குக் கராத்தே கற்றுத்தர ஒப்புக்கொள்கிறார்.

முதல் நாள் அவர் கொடுக்கும் வேலை, கார்களுக்கு மெழுகு பூசித் துடைப்பது. வலக்கையால் ஒரு வட்டம் பூசு, இடக்கையால் ஒரு வட்டம் துடை. அடுத்து மரத்தரையைத் தேய்க்க வேண்டும். பிறகு வேலிக்கு மேலும் கீழுமாக வண்ணம் அடிக்க வேண்டும். பிறகு வீட்டுச் சுவருக்கு இடவலமாக. நான்கு நாளாக வேலைதான் வாங்குகிறீர்கள், எதையும் கற்றுத்தரவில்லை என்று டேனியல் பொங்குகிறான். மியாகி அவனை நிற்கவைத்து, தரையைத் தேய்த்த அசைவைச் செய்து காட்டச் சொல்கிறார். திடீரென்று அவர் கையும் காலும் அவனை நோக்கி வருகின்றன. டேனியலின் கைகள் தாமாகவே எழுந்து தடுக்கின்றன.

பயிற்சிக் கூட்டங்களில் இந்தக் காட்சியைப் பலர் எடுத்துக்காட்டாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆசிரியர் சொன்னதை ஏன் எதற்கென்று கேட்காமல் மாணவர் செய்ய வேண்டும் என்பதற்கே அது பெரும்பாலும் பயன்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் குறுவள மையக் கூட்டத்தில் ஓர் ஆசிரியை கேட்டது அதைவிட நல்ல கேள்வி: “அப்போ வீட்டுல துணி துவைக்கிற பிள்ளைக்கெல்லாம் கராத்தே வந்திருக்கணுமே சார்?”

வராது. உடல் அசைவுகளை நாம் எப்படிக் கற்கிறோம், எப்படி நினைவில் வைக்கிறோம் என்று ஆராயும் துறையை இயக்கக் கற்றல் என்கிறோம். திறன்கள் பெரிதும் தனித்தன்மை வாய்ந்தவை என்பதை அத்துறை பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறது. கலிபோர்னியாவில் பிராங்கிளின் ஹென்றி 1950களிலேயே இதை வலியுறுத்தினார். ஒரு சமநிலைப் பயிற்சியில் தேர்ந்தவர் இன்னொன்றிலும் தேர்ந்தவராக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கார் துடைக்கும்போது எதிரே குத்து எதுவும் வருவதில்லை. குத்து வருவதைக் கண்ணால் கண்டு, எந்தப் பக்கம் வருகிறது என்று கணித்து, உரிய நொடியில் கையை எடுப்பதுதான் தடுப்பு. கையின் வட்டம் அதில் ஒரு பகுதி மட்டுமே.

ஆகவே, டேனியல் கராத்தே கற்றது கார் துடைத்த நாளில் அன்று. மியாகி எதிரே நின்ற அந்தச் சில நிமிடங்களில்தான் என்பேன். அந்தக் காட்சியை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். முதலில் ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே செய்யச் சொல்லிக் கையின் நிலையைத் திருத்துகிறார். கண்ணைப் பார் என்கிறார். பிறகு அசைவின் பெயரைச் சொல்லிக்கொண்டே குத்துகிறார். கடைசியில் எந்தப் பெயரும் சொல்லாமல், எது வரும் என்று தெரியாதபடி மாற்றி மாற்றித் தாக்குகிறார். தனித்தனிப் பயிற்சியிலிருந்து கலப்புப் பயிற்சிக்கு இவ்வளவு தெளிவாக நகரும் பாடத்தை வேறு படங்களில் நான் பார்த்ததில்லை.

இந்தக் கலப்பைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். 1979இல் ஜான் ஷே, ராபின் மார்கன் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கையில் ஒரு டென்னிஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு, சிறிய மரத்தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் விரைவாகத் தட்டிவிட வேண்டும். மொத்தம் மூன்று வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் 18 முறை பயிற்சி. ஒரு குழு முதல் வரிசையை 18 முறையும் முடித்துவிட்டே அடுத்ததற்குப் போனது. மற்றக் குழுவுக்கு மூன்றும் கலந்து கலந்து வந்தன. பயிற்சியின்போது முதல் குழுவே வேகமாகச் செய்தது. கலந்து பயின்றவர்கள் தடுமாறினார்கள். ஆனால் 10 நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பயின்றவர்களே முன்னால் நின்றார்கள். 1986இல் பூப்பந்தாட்டத்தின் மூன்று வகை சர்வீஸ்களை வைத்து குட், மகில் இருவரும் செய்த ஆய்விலும் இதே போக்குதான்.

காரணத்தைப் பற்றி இன்னும் விவாதம் உண்டு. எனக்குப் பொருத்தமாகப்படும் விளக்கம் இது: ஒரே செயலை அடுத்தடுத்துச் செய்யும்போது இரண்டாம் முறையிலிருந்து மூளைக்குத் திட்டமிடும் வேலை குறைந்துவிடுகிறது. சற்று முன் செய்தது இன்னும் சூடாக இருக்கிறது. அதையே திரும்ப ஓட்டினால் போதும். கலந்து வரும்போது ஒவ்வொரு முறையும் புதிதாக நினைவிலிருந்து எடுத்துத் திட்டமிட வேண்டியிருக்கிறது. தடுமாற்றம் அதற்கு நாம் கொடுக்கும் விலை.

நான்கு வரி நோட்டில் இதை நாம் தினமும் பார்க்கிறோம். ஒரு பக்கம் முழுக்க ஒரே எழுத்தை எழுதச் சொன்னால், முதல் வரி அழகாக இருக்கும். கடைசி வரி கோணிப் போயிருக்கும். குழந்தை மேலே இருக்கும் மாதிரியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, தான் எழுதிய முந்தைய வரியைப் பார்த்து எழுதத் தொடங்கியிருக்கும். ட, ப, ம, ய போன்ற எழுத்துகளை முதலில் ஓரிரு வரி தனித்தனியே எழுதவைத்து, பிறகு கலந்து எழுதவைத்தால் பக்கம் பார்க்க அழகாக இராது. அடுத்த வாரம் சொல்வதெழுதுதலில் பாருங்கள்.

இன்னொரு செய்தியையும் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் விரும்புவார்கள். கெர், பூத் என்ற இருவர் 1978இல், 8 வயதுக் குழந்தைகளை இலக்கை நோக்கிச் சிறு துணிப்பைகளை எறியவைத்தனர். ஒரு குழு 3 அடி தூரத்திலிருந்து மட்டுமே எறிந்து பழகியது. மற்றொன்று 2 அடியிலும் 4 அடியிலும் பழகியது. 3 அடியில் எறியவே இல்லை. முடிவில் எல்லாருக்கும் 3 அடியில் சோதனை வைத்தார்கள். அந்தத் தூரத்திலேயே பழகிய குழந்தைகளைவிட, அங்கே ஒருமுறைகூட எறியாத குழந்தைகள் துல்லியமாக எறிந்தார்கள்!

திறன் என்பது ஒரே அசைவை அச்சு மாறாமல் திரும்பச் செய்வதாக இருந்தால் இது நடக்காது. சோவியத் அறிஞர் நிக்கலாய் பெர்ன்ஸ்டைன் 1920களில், உளியை அடிக்கும் தேர்ந்த தொழிலாளர்களின் அசைவுகளைப் படம்பிடித்து ஆராய்ந்தார். சுத்தி சரியாக உளியின் மேல் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வோர் அடிக்கும் சற்றே வெவ்வேறு வழியில் நகர்ந்தன. சந்தேகம் இருந்தால் உங்கள் பெயரைத் தாளில் பேனாவாலும் கரும்பலகையில் சுண்ணக்கட்டியாலும் எழுதிப் பாருங்கள். தாளில் விரல்கள் செய்த வேலையைப் பலகையில் தோள் செய்கிறது. எழுத்தின் சாயலோ அதேதான்.

திருத்துவதைப் பற்றியும் ஒரு சொல். டேனியல் வீட்டுக்கு வண்ணம் அடிக்கும் நாளில் மியாகி மீன் பிடிக்கப் போய்விடுகிறார்! கற்பிக்கும் முறையாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொரு முயற்சிக்கும் பின்னூட்டம் தந்துகொண்டே இருப்பதைவிடப் பாதி முயற்சிகளுக்குத் தருவது மறுநாள் நல்ல பலனைத் தந்ததாக வின்ஸ்டைன், ஷ்மித் ஆகியோரின் 1990ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஓயாமல் “கையைத் தூக்கு, காலை மடக்கு” என்று சொல்லும்போது, குழந்தை தன் உடல் சொல்வதைக் கேட்பதை விட்டுவிட்டு நம் குரலுக்குக் காத்திருக்கிறது. நான் இப்போது மூன்று சர்வீஸ் முடியும்வரை பேசுவதில்லை. “எது நல்லா வந்துச்சு?” என்று முதலில் அவர்களிடம் கேட்கிறேன். கையெழுத்திலும் அப்படித்தான், எழுதிய வரியில் சிறந்த எழுத்தைக் குழந்தையே வட்டமிட்ட பிறகே என் சிவப்பு மை.

படத்தை முழுதாக நம்பிவிடவும் வேண்டாம். சில வாரப் பயிற்சியில், பல காலம் பயின்றவர்களை ஒரு போட்டியில் வெல்வது திரைக்கதைக்கே உரிய வசதி. கடைசியில் டேனியல் ஒற்றைக்காலில் நின்று உதைக்கும் அந்தப் புகழ்பெற்ற நாரை உதை, கடற்கரையில் எதிராளி இல்லாமல் தனியே பழகியது. மேலே சொன்ன கணக்கில் பார்த்தால் படத்திலேயே நம்ப முடியாதது அதுதான். (என் மாணவர்கள் வராந்தாவில் செய்து பார்ப்பதும் அதைத்தான்.) கலப்புப் பயிற்சிக்கும் எல்லை உண்டு. அசைவின் வடிவமே பிடிபடாத குழந்தைக்கு முதலில் தனித்தனியாகத்தான் கொடுக்க வேண்டும். சிறு வயதினரிடம் முழுக் கலப்பு எப்போதும் பலன் தருவதில்லை. ஒன்றை இரண்டு மூன்று முறை செய்துவிட்டு மாறுவது நடைமுறைக்கு ஏற்றது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நம் தேர்வுமுறை பயிற்சி நேரத்துத் தோற்றத்தை நம்பியிருக்கிறது. குறுவட்டப் போட்டி அறிவிப்பு வந்ததும் ஒரே பாடவேளையில் அணி தேர்ந்தெடுக்கிறோம். வரிசையில் நின்று ஒரே இடத்திலிருந்து பத்து சர்வீஸ் போட்டு, ஏழாவதிலிருந்து சரியாகப் போடும் பிள்ளை உள்ளே; தடுமாறும் பிள்ளை வெளியே. அந்த ஏழாவது சர்வீஸ் திங்கட்கிழமை வரை இருக்குமா என்று நாம் பார்ப்பதில்லை. வெளியே போகும் பிள்ளை “எனக்கு விளையாட்டு வராது” என்ற முடிவோடு போகிறது. பெண் குழந்தைகள் விஷயத்தில் அந்த முடிவு பெரும்பாலும் பள்ளி முடியும்வரை மாறுவதில்லை.

எங்கள் பள்ளியில் கைப்பந்துக்குப் பெண்கள் அணி எடுக்கும்போது இப்போது மூன்று நாள் எடுத்துக்கொள்கிறோம். முதல் இரண்டு நாளும் மதிப்பெண் கிடையாது. நீள சர்வீஸ், குட்டை சர்வீஸ், இடம் மாறி சர்வீஸ் என்று கலந்து பழகுகிறார்கள். இடையில் சனி, ஞாயிறு விடுகிறோம். திங்களன்று பயிற்சி ஏதும் இல்லாமல், மைதானத்துக்கு வந்தவுடன் போடும் முதல் ஐந்து சர்வீஸ் மட்டுமே கணக்கு. நான் சொல்லும் எண்ணுக்குரிய கட்டத்தில் பந்து விழ வேண்டும். சென்ற முறை இப்படி எடுத்த பன்னிரண்டு பேரில் நான்கு பேர், முதல் நாள் நான் மனத்துக்குள் போட்டிருந்த பட்டியலில் இல்லாதவர்கள். அவர்களில் ஒருத்தி ஏழாம் வகுப்பு. அவள் சர்வீஸ் இன்னும் பார்ப்பதற்கு அழகாக இல்லை, கட்டத்தில் விழுகிறது.