சில்லறையும் சேமிப்பும் காசோலையும்

பொருளை ஈட்டுதல் ஒரு திறன். ஈட்டிய பொருளைப் பேணுதல் மற்றொரு திறன். முன்னையதைப் பற்றிப் பேசாதார் இலர். பின்னையதோ வீட்டு மூலையிலுள்ள முட்டியோடும் அலுமாரியின் அடித்தட்டோடும் பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. ஒரு குடும்பத்தின் பணம் மூன்று நிலைகளிற் காணப்படும். அன்றாடச் செலவில் எஞ்சுவது சில்லறை. நாளைய தேவைக்கென ஒதுக்குவது சேமிப்பு. கொடுக்கவேண்டியதைக் கொடுத்துத் தீர்க்க உதவுவது காசோலை. இம்மூன்றுக்கும் அடிப்படை நம்பிக்கையே. அந்நம்பிக்கை இலங்கையில் எவ்வாறு வளர்ந்தது, எங்கே தளர்ந்தது, அதனைக் காக்கும் பழக்கங்கள் யாவை என ஆராய்வது பயனுடைத்து.

இந்நாட்டிலே 1872 ஆம் ஆண்டு தொடக்கம் ரூபா நூறு சதங்களாக வகுக்கப்பட்டு வழங்கிவருகின்றது. நாற்கோண ஐந்து சதமும் விளிம்பு வளைந்த பத்துச் சதமும் ஒரு காலத்திற் சிறுவர் கையிற் பெருஞ்செல்வமாயிருந்தன. இன்று அவை நினைவுப் பொருள்களாயின. ரூபா நாணயங்களே சில்லறை என்னும் பெயரைப் பெற்றுள்ளன.

சில்லறை சேர்க்கும் கலத்துக்கு உண்டியல் என்று பெயர். செட்டிமார் ஓரூரிற் பணம் பெற்றுக்கொண்டு வேற்றூரில் அதனைக் கொடுக்குமாறு எழுதிய பத்திரத்துக்கும் அதுவே பெயர். சேமிப்புக் கலத்தையும் காசோலைக்கு நிகரான பத்திரத்தையும் ஒரே சொல் குறித்தமை சிந்திக்கத்தக்கது. நாளொன்றுக்கு 20 ரூபா உண்டியலில் இடுபவர் ஆண்டு முடிவில் 7,300 ரூபா காண்பர். ஆயின், உண்டியலிற் கிடக்கும் நாணயம் வட்டி ஈட்டாது. கடைக்காரரும் பேருந்து நடத்துநரும் மிச்சக்காசு கொடுக்க இயலாது இடர்ப்படுவதற்கும் அத்தகைய தேக்கம் ஒரு காரணமாகும். ஆதலின் உண்டியல் நிறையுந்தோறும் அதனை வங்கியிற் சேர்ப்பது வீட்டுக்கும் நாட்டுக்கும் நன்று.

சிறு தொகைகளை ஏற்கும் பொருட்டு 1832 இல் இலங்கைச் சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. எனினும், வங்கிகள் மீது முன்னோர் கொண்ட ஐயம் காரணமற்றதன்று. கோப்பிச் செய்கை நோயினால் அழிந்த காலத்திலே, 1884 இல், ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் கொடுப்பனவை நிறுத்திற்று. அவ்வங்கி வெளியிட்ட நோட்டுகள் பணமாக வழங்கிய காலம் அது. நோட்டை வைத்திருந்தோர் திகைத்தனர். தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அந்நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் எனக் கூறி அச்சத்தைத் தணித்தார். அதன்பின் நோட்டு வெளியிடும் பணியை அரசாங்கமே மேற்கொண்டது. 1885 இல் தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கி தோன்றவே, வங்கிக் கிளையைக் காணாத ஊர்களிலும் மக்கள் கையில் வைப்புப் புத்தகம் இடம்பெற்றது. மேற்கூறிய இரு சேமிப்பு வங்கிகளும் 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய சேமிப்பு வங்கியில் ஒன்றாயின. 2010 இல் வைப்புக் காப்புறுதித் திட்டமும் ஏற்பட்டது. ஒரு நிறுவனத்தில் ஒருவர் வைத்துள்ள பணத்துக்கு 1,100,000 ரூபா வரை ஈடுகிடைக்கும் என அதன் எல்லை 2021 இல் உயர்த்தப்பட்டது.

வீட்டில் ஒளித்த பணம் வங்கியிலுள்ள பணத்திலும் காப்புடையது என்னும் எண்ணத்தை வரலாறு மும்முறை பொய்ப்பித்தது. 1970 இல் நிதியமைச்சர் கலாநிதி என். எம். பெரேரா 50 ரூபா, 100 ரூபா நோட்டுகளைச் செல்லாதனவாக்கினார். வரி கொடாது பதுக்கியோரை நோக்கிய நடவடிக்கையே அது. ஆயினும், மகளின் திருமணத்துக்கென நோட்டுகளை மடித்து வைத்தவரும் வங்கி வாயிலை நாடவேண்டியவராயினர். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் கையிற் கொண்டவற்றோடு வீடு துறந்து நடந்தனர். வைப்புப் புத்தகத்தை இழந்தவருக்கும் பெயராலும் கையொப்பத்தாலும் தம் உரிமையை நிறுவ வழியுண்டு. முட்டியில் விட்டுச் சென்ற பணத்துக்கோ சான்று யாதுமில்லை. மூன்றாவது, கள்வர் கையிலும் கொடிதான பணவீக்கம். 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி முந்திய ஆண்டினும் 69.8 வீதம் உயர்ந்து நின்றது. அவ்வாண்டு முழுதும் உண்டியலிற் கிடந்த 7,300 ரூபா, முன்னர் ஏறக்குறைய 4,300 ரூபாவுக்கு வாங்கக்கூடிய பொருளையே தந்தது. வங்கியிலிட்ட பணமும் அவ்வாண்டிலே பெறுமதி குன்றிற்று என்பது மெய். ஆயினும், வட்டி அவ்விழப்பின் ஒரு பகுதியையேனும் ஈடுசெய்தது.

இனிக் காசோலையை நோக்குவோம். நெடுங்காலம் அது தோட்டத்துரைமாருக்கும் பெருவணிகருக்குமே உரியதாயிருந்தது. 1934 இல் அமைந்த வங்கி ஆணைக்குழுவின் பின் 1939 இல் இலங்கை வங்கியும், 1961 இல் மக்கள் வங்கியும் தோன்றி, வங்கித் தொழிலைப் பொதுமக்களுக்கு அணித்தாக்கின. காசோலையாவது, தன் கணக்கிலிருந்து குறித்த தொகையைக் குறித்தவருக்குக் கொடுக்குமாறு ஒருவர் தம் வங்கிக்கு இடும் எழுத்துமூலக் கட்டளை. கொண்டுவருபவருக்குக் கொடுக்க என்றெழுதிய காசோலை தெருவில் விழுமாயின், அதனைக் கண்டெடுத்தவரே காசாக்கிக்கொள்ளவும் கூடும். அதன் முகத்தில் இரு சமாந்தரக் கோடுகளைக் குறுக்கே இட்டால் வங்கி அதனைக் காசாக நீட்டாது. மற்றொரு வங்கிக் கணக்கின் வழியாகவே கொடுக்கும். ஆதலிற் பணம் சென்ற தடம் தெரியும். எழுதியவர் கோடிட மறந்தாராயின், பெற்றவரே இட்டுக்கொள்ளச் சட்டம் இடந்தருகின்றது. இதனை அறிந்தோர் சிலரே.

தொகையை எழுத்திலும் இலக்கத்திலும் எழுதுதல் வெறும் சடங்கன்று. இரண்டும் மாறுபடின் எழுத்தே கொள்ளப்படும் என்பது விதி. நடைமுறையில் வங்கி அதனைத் திருப்பி அனுப்புவதே பெரும்பான்மை. எழுத்துகளுக்கிடையே வெளி விடாது, முடிவில் ‘மாத்திரம்’ என எழுதிக் கோடிழுத்தால், பிறர் தொகையைக் கூட்ட இடமிராது. வெற்றுத் தாளிற் கையொப்பமிட்டு வைத்தல் பெரும் பேதைமை. கணக்கிற் பணமில்லை என அறிந்தும் காசோலை கொடுத்தலை 1990 ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. 2006 தொடக்கம் காசோலையின் நிழற்படமே வங்கிகளுக்கிடையே மின்வழிச் செல்கின்றது. முன்னர்ப் பல நாட் சென்ற தீர்வு விரைவிலே முடிவதால், ‘காசோலை போய்ச்சேருமுன் பணத்தை இட்டுவிடலாம்’ என்னும் பழைய துணிவு இனிப் பயன்படாது.

அட்டையும் கைத்தொலைபேசியும் காசோலையின் இடத்தைப் படிப்படியாகப் பற்றுகின்றன. கருவி மாறினும் ஒழுக்கம் மாறுவதில்லை. பெற்றதைப் பதிதல், கொடுத்ததைக் குறித்தல், மாதந்தோறும் வங்கிக் கூற்றோடு ஒப்புநோக்குதல், இல்லாத பணத்தை எழுதாதிருத்தல் ஆகியன எக்காலத்துக்கும் உரியன. வங்கி பொதுமக்களின் நம்பிக்கைக்கு உரியதாதல் வேண்டும். பொதுமக்களின் கையொப்பமும் அவ்வாறே நம்பத்தக்கதாதல் வேண்டும். மாணவப் பருவத்திலே சிறு கணக்கொன்றைத் திறந்து, அதனைப் பிழையின்றிப் பேணக் கற்பவர், பிற்காலத்திற் பெரும் பொறுப்புகளை ஏற்கவும் தகுதியுடையவராவர்.