ஓவர்ரைட் என்னும் வினைச்சொல்

மாணவர்களே, ஆங்கிலத்தில் 'ஓவர்ரைட்' என்றொரு வினைச்சொல் உண்டு. எழுதியதன் மேலேயே எழுதுதல் அதன் ஒரு பொருள். கணிப்பொறியில் புதிய பதிவு பழையதை அழித்து அதன் இடத்தைக் கொள்வதையும் இச்சொல்லாலேயே குறிப்பர். மற்றொரு பொருள், மிகையாக அலங்கரித்து எழுதுதல். திறனாய்வாளர் ஒரு நூலை 'ஓவர்ரிட்டன்' என்று பழித்தால், அது நீண்டுவிட்டது என்பதன்று கருத்து. பொருள் தாங்காத சொற்சுமை ஏறியது என்பதே. நன்னூலார் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக வைத்த 'மிகைபடக் கூறல்' இதற்கு நெருங்கிய தமிழ். நான்கு வரிக் கடிதமும் இக்குற்றத்துக்கு ஆளாகலாம். காய்ச்சலுக்கு விடுப்புக் கேட்பவன், 'கதிரவனின் வெங்கனல் என் மேனியிற் குடிபுகுந்தது' என்றெழுதினால் (அத்தகைய கடிதங்கள் என் மேசைக்கும் வந்ததுண்டு) நோய் இன்னதென்றும் விளங்காது. எத்தனை நாள் விடுப்பு வேண்டுமென்றும் விளங்காது.