பொய் என்கிற காகித வலை: ஜப்பானியத் திருவிழா விளையாட்டுகளை முன்வைத்து

விளையாட்டைப் பற்றி எழுத வருகிறவர்கள் ஹைஸிங்காவைத் தொட்டுக்கொள்ளாமல் நகர்வதில்லை. 1938-இல் வந்த ‘ஹோமோ லூடென்ஸ்’ நூலில், விளையாட்டு அன்றாட வாழ்விலிருந்து விலகி நிற்பது, பொருள் லாபத்துடன் சம்பந்தமற்றது என்றார் அவர். இருபது வருஷம் கழித்து ரொஜே கய்வா இதில் உள்ள ஓட்டையைக் காட்டினார். அப்படியானால் காசு வைத்து ஆடுகிற ஆட்டத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? விளையாட்டு எதையும் உற்பத்தி செய்வதில்லை, ஆனால் அதில் சொத்து கைமாறும் என்பது கய்வாவின் திருத்தம். ஜப்பானியக் கோயில் திருவிழாக்களில் குழந்தைகள் ஆடுகிற ஆட்டங்களைக் கவனித்தால் கய்வா பக்கம்தான் நிற்கத் தோன்றுகிறது. என் கேள்வி இன்னும் கொஞ்சம் அற்பமானது. கைமாறுகிறது, சரி, வாங்குகிற கை யாருடையது?

குறிப்பிட்ட ஒரு தெய்வத்தோடு உறவு கூடும் நாளை ‘என்னிச்சி’ என்கிறார்கள். மாதத்தில் 18 கன்னோனுக்கு, 24 ஜிஸோவுக்கு. கோயிலுக்குப் போகிற வழி நெடுக அன்று கடைகள். தக்கைக் குண்டு போட்ட துப்பாக்கியால் பொம்மையைச் சுட்டுத் தட்டிலிருந்து கீழே விழவைப்பது, முறுக்கிய காகித நூலில் கட்டிய கொக்கியால் தண்ணீர் பலூனைத் தூக்குவது (நூல் நனைந்தால் போச்சு), இவற்றோடு ‘கிங்யோ சுகுய்’ என்கிற தங்கமீன் அள்ளுதல். வட்டச் சட்டத்தில் மெல்லிய காகிதம் ஒட்டிய ஒரு கரண்டி தருவார்கள். அதன் பெயர் ‘பொய்’. நம் பொய்க்கும் இதற்கும் மொழியியல் உறவு எதுவும் கிடையாது. ஆனால் தமிழ் வாசகன் சிரிக்காமல் இருக்க முடியாது, ஏனென்றால் பொருள் அத்தனை பொருத்தம். வலை மாதிரி நடிக்கிற காகிதம் அது. கிழிவதற்கென்றே செய்யப்பட்டது. கிழிகிறவரை அள்ளலாம், கிழிந்தால் ஆட்டம் முடிந்தது.

காகிதத்தின் தடிமனுக்கு எண் உண்டு. எண் கூடக்கூடக் காகிதம் மெலியும். ஐந்தாம் எண்ணை நீட்டுவதா, ஏழாம் எண்ணை நீட்டுவதா என்பது கடைக்காரர் கையில். குழந்தைக்கும் ஒரு வித்தை இருக்கிறது. காகிதத்தைப் பாதி நனைக்கக் கூடாது, முழுக்க நனைக்க வேண்டும். ஈரமும் உலர்வும் சந்திக்கிற கோட்டில்தான் கிழிசல் தொடங்கும். மீனைத் துரத்தாமல், மேலே வருவதைச் சாய்வாக, சட்டத்தின் விளிம்போடு சேர்த்துத் தூக்க வேண்டும். விதி ஒருவர் கையில், விதிக்குள் நுழைகிற தந்திரம் இன்னொருவர் கையில்.

‘கதானுகி’யில் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். மாவும் சர்க்கரையும் சேர்த்துச் செய்த, தொட்டால் நொறுங்குகிற சின்னத் தகடு. அதன் மேல் குடையோ விலங்கோ கோடாகப் பதிந்திருக்கும். ஊசியால் உருவத்தை உடையாமல் பிரித்தெடுத்தால் ரொக்கப் பரிசு. சிக்கலான உருவத்துக்குத் தொகை அதிகம். 2021-இல் ‘ஸ்க்விட் கேம்’ தொடரில் உலகமே பார்த்த கொரியச் சர்க்கரைத் தகட்டின் உறவுக்காரர்தான் இது. ஆனால் ஜப்பானியக் கடையில் உயிர்ப் பயம் இல்லை, கண் பயம்தான். கடைக்காரர் தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, “இந்த மூலையில் கொஞ்சம் உதிர்ந்திருக்கே தம்பி” என்பார். நடுவரும் அவரே, பணம் கொடுக்க வேண்டியவரும் அவரே. குடிமையியல் பாடப் புத்தகம் சொல்லாத ஒன்றை ஒரு பத்து வயதுப் பிள்ளை அங்கே நின்று புரிந்துகொள்கிறது, எதிர்த்து வாதாடவும் செய்கிறது.

இந்தக் கடைக்காரர்களைத் ‘தெகியா’ என்பார்கள். யாகுசாவின் மூதாதையரில் சூதாடிகள் ஒரு கிளை, இவர்கள் மறு கிளை. மருந்து விற்று அலைந்தவர்களின் வழி என்பதால் மூலிகைகளைச் சுவைத்தறிந்த சீனத் தெய்வம் ஷின்னோ இவர்களுக்குக் காவல். எந்தக் கடை எங்கே என்று வட்டாரத் தலைவர் பிரித்துக்கொடுப்பார், இடத்துக்குக் காசு வாங்குவார். இடம் என்ற பொருளுடைய ‘பாஷோ’ என்ற சொல்லைத் திருப்பிப்போட்டு ‘ஷோபா’ என்பது இவர்கள் பேச்சு. தெகியாவைப் புனிதராக்குவது என் வேலையில்லை. கப்பம் கப்பம்தான். 2013-இல் ஒசாகாவில் பரிசுச் சீட்டே வைக்காமல் குலுக்கல் கடை போட்ட ஒருவரைப் போலீஸ் பிடித்தது.

ஆனால் வரிசையைப் பாருங்கள். 1969 தொடங்கி டோரா-ஸான் என்கிற ஊர்சுற்றித் தெகியாவைத் திரையில் பார்த்து ஒரு தேசமே உருகியது. 1992-இல் வன்முறைக் கும்பல் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. 1995-இல் டோரா-ஸானாக நடித்த அத்ஸுமி கியோஷியின் கடைசிப் படம். அதே வருஷம் தங்கமீன் வளர்ப்புக்குப் பேர்போன யாமாதோகோரியாமாவில் முதல் தேசிய மீன் அள்ளும் போட்டி: மூன்று நிமிடம், கடிகாரம், நடுவர். 2011-க்குள் எல்லா மாநிலங்களிலும் விலக்கல் ஆணைகள் வந்துவிட்டன. திருவிழா நடத்துகிறவர்கள் கும்பல் தொடர்புள்ள கடைகளை ஒதுக்கியாக வேண்டும். மரபு காப்பாற்றப்பட்டது, மரபைத் தூக்கிச் சுமந்தவன் வெளியே. கடிகாரம் வந்ததும் ஆட்டம் விளையாட்டுத் துறைக்குப் போய்விட்டது. தெகியாவிடம் ஒன்றும் அள்ளாத குழந்தைக்கும் பெரும்பாலும் ஒரு மீனைப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். எந்த விதியிலும் இல்லாத கருணை அது, வியாபார புத்தியும்தான். போட்டியில் பூஜ்யம் என்றால் பூஜ்யம்.

மீனின் தரப்பும் இருக்கிறது. பெரிய அலங்கார மீன்களுக்கு இரையாக விற்கப்படுகிற அதே சின்னச் சிவப்பு மீன்கள்தான் தொட்டியில் நீந்துபவை. வீட்டுக்குப் போனாலும் குளோரின் தண்ணீரில் பல சில நாள்கூடத் தாங்குவதில்லை. இது சரியா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும், நியாயமான கேள்விதான். மீனுக்குப் பதில் ரப்பர் பந்தை மிதக்கவிடுகிற கடைகளும் உண்டு.

குடியிருப்போர் சங்கமே கடை போடுகிற ஊர்களில் தொட்டியும் பொய்யும் மொத்தக் கடையிலிருந்து வருகின்றன. பெட்டியின் மேல் எண் அச்சிட்டிருக்கும். எந்த எண்ணை வாங்குவது என்பதை இனி சங்கச் செயலாளர் முடிவு செய்ய வேண்டும்.