ரத்தச் சோதனை சொல்லாத செய்தி

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு பெண் கர்ப்பத்தைப் பதிந்துகொள்ள அரசாங்க கிளினிக்குக்குப் போனால், தொடக்கத்திலேயே ரத்தம் எடுத்துவிடுவார்கள். எச்ஐவி, சிபிலிஸ் இரண்டுக்கும் சோதனை நடக்கும். 1998இல் தொடங்கிய இந்த ஏற்பாடு 20 ஆண்டுகளில் பலன் தந்தது. தாயிடமிருந்து குழந்தைக்கு இவ்விரு நோய்களும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அந்தச் சான்றைப் பெற்ற முதல் நாடு இதுதான்.

ஹெர்ப்பிஸுக்கு அப்படியொரு பொதுச் சோதனை இல்லை.

காரணம் இருக்கிறது. உதட்டோரக் கொப்புளத்துக்குக் காரணமான முதல் வகை ஹெர்ப்பிஸ் வைரஸ், உலகில் 50 வயதுக்கு உட்பட்டோரில் சுமார் 64 விழுக்காட்டினர் உடலில் குடியிருக்கிறது. பிறப்புறுப்பில் வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. ரத்தத்தில் எதிர்ப்பொருள் தென்பட்டால், என்றோ ஒருநாள் வைரஸ் நுழைந்திருக்கிறது என்று தெரியும். என்று நுழைந்தது, எங்கே தங்கியிருக்கிறது என்பது தெரியாது.

குழந்தையின் ஆபத்தோ அந்த ‘என்று’ என்பதைப் பொறுத்தது. பழைய தொற்றுள்ள தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்கும் போய்ச் சேர்கிறது. அதனால் பிரசவ வேளையில் நோய் திரும்பினாலும், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 100க்கு 3க்கும் குறைவு. கடைசி மூன்று மாதங்களில் முதன்முறையாகத் தொற்றினால், அது 30 முதல் 50 வரை ஏறுகிறது. எதிர்ப்பொருள் உருவாகப் போதிய அவகாசம் கிடைப்பதில்லை.

ஆகவே, முன்பு பிறப்புறுப்பில் கொப்புளம் வந்ததுண்டா, கணவருக்கு உண்டா என்பதைத் தாதியிடமோ மருத்துவரிடமோ சொல்வது மிக அவசியம். உடன் வந்தவர் முன் கூச்சமாக இருந்தால், தனியே பேச வேண்டும் என்று கேட்கலாம். சொன்னால் வழி இருக்கிறது: 36ஆம் வாரத்திலிருந்து அசைக்ளோவிர் மாத்திரை; வலி எடுக்கும் நேரத்தில் கொப்புளம் இருந்தால் அறுவைப் பிரசவம். கணவருக்கு நோய் இருந்து மனைவிக்கு இல்லையென்றால், கடைசி மூன்று மாதங்கள் உடலுறவைத் தவிர்ப்பது நல்லது.

பிரசவத்துக்குப் பின்னும் கவனம் தேவை. பச்சிளங்குழந்தைகளின் ஹெர்ப்பிஸில் சுமார் 10 விழுக்காடு பிறந்த பிறகே தொற்றுகிறது. உதட்டில் கொப்புளம் உள்ள எவரும், பாட்டியானாலும் அத்தையானாலும், குழந்தையை முத்தமிடக் கூடாது.

தொற்றிய குழந்தைகளின் தாய்மாரில் பெரும்பாலோருக்குத் தங்களிடம் வைரஸ் இருந்ததே தெரிந்திருக்கவில்லை. அதனால் பிறந்த முதல் ஆறு வாரங்களில் காய்ச்சல், கொப்புளம், வலிப்பு, பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும், உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். உடலெங்கும் பரவிய ஹெர்ப்பிஸில், மருந்தில்லாக் காலத்தில் 100க்கு 85 குழந்தைகள் வரை இறந்தன. அசைக்ளோவிர் ஊசி அதைச் சுமார் 30 ஆகக் குறைத்திருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் ஊசி தொடங்குகிறதோ, அவ்வளவுக்கு மூளையும் ஈரலும் தப்பும். வீட்டில் யாருக்காவது கொப்புளம் இருந்திருந்தால், அதையும் மருத்துவரிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும்.